வக்கீலின் கம்ப்யூட்டரை அதிகாரிகள் எடுத்துச் சென்றால், அதில் இருக்கும் உங்கள் ஃபைல் என்ன ஆகும்?

கடைசியாக ஒரு வக்கீலைப் பார்க்கப் போனபோது என்னென்ன கொடுத்துவிட்டு வந்தீர்கள் என்று நினைவிருக்கிறதா? சொத்துப் பத்திரத்தின் நகல், வங்கிக் கணக்கு விவரம், ஆதார். விவாகரத்து வழக்கு என்றால் வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட்டுகள். குற்ற வழக்கு என்றால் அன்றைக்கு உண்மையில் என்ன நடந்தது என்ற முழுக் கதை. வீட்டில் இருப்பவர்களிடம்கூடச் சொல்லாத விஷயங்கள் சில அதில் இருக்கும்.

இப்போது அதே வக்கீலின் அலுவலகத்துக்கு, உங்களுக்குச் சம்பந்தமே இல்லாத வேறொருவரின் வழக்கில் அதிகாரிகள் சோதனைக்கு வருகிறார்கள். எந்த ஃபைல் வேண்டும் என்று தேடிக்கொண்டிருக்க நேரமில்லை என்று சொல்லி, கம்ப்யூட்டரையே கழற்றி எடுத்துட்டுப் போயிடுறாங்க. உங்கள் ஃபைலும் சேர்ந்தே போகிறது. உங்களுக்கு யாரும் போன் செய்து சொல்லப் போவதில்லை.

இது சட்டப்படி செல்லுமா? செல்லாது என்றால் யார் கேட்பது? 2025 அக்டோபர் 31-ம் தேதி உச்ச நீதிமன்றம் இந்தக் கேள்விக்குப் பாதி பதில் சொல்லியிருக்கிறது. மீதிப் பாதி இன்னும் திறந்தே கிடக்கிறது. இரண்டையும் பார்ப்போம். அதற்கு முன்னால், இதே கேள்வியை மனித உரிமை வழக்காகவே கொண்டுபோன இரண்டு வக்கீல்களின் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஒரு கம்ப்யூட்டர், ஆறு ஆண்டுகள்

ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரம். 2000-ம் ஆண்டு மார்ச் 7. ஸ்மிர்னோவ் என்ற வழக்கறிஞரின் வீட்டுக்கு விசாரணை அதிகாரி வருகிறார். ஸ்மிர்னோவ் மீது எந்தக் குற்றச்சாட்டும் இல்லை, அவர் சந்தேக நபரும் இல்லை. அவருடைய கட்சிக்காரர்கள் சிலருக்கு ஒரு பெரிய மோசடி வழக்கில் தொடர்பு இருந்தது, அவ்வளவுதான்.

சோதனைக்கான உத்தரவை நீதிமன்றம் கொடுக்கவில்லை, அரசு வழக்குத் தொடுப்புத் துறையே கொடுத்திருந்தது. எதைத் தேட வேண்டும் என்பதும் அதில் தெளிவாக இல்லை. குறிப்பிட்ட வழக்கின் விசாரணைக்குப் பயன்படக்கூடிய பொருட்கள், ஆவணங்கள் என்று பொத்தாம்பொதுவாக எழுதப்பட்டிருந்தது. கடைசியில் இருபதுக்கும் மேற்பட்ட ஆவணங்களும் அவருடைய கம்ப்யூட்டரின் மையப் பெட்டியும் போயின. அந்தக் கம்ப்யூட்டரில்தான் மற்றக் கட்சிக்காரர்களின் ஃபைல்களும் இருந்தன.

உள்நாட்டு நீதிமன்றங்களை அணுகிப் பார்த்த ஸ்மிர்னோவ், ஸ்ட்ராஸ்பர்க்கில் இருக்கும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார். 2007 ஜூன் 7-ம் தேதி தீர்ப்பு வந்தது. மூன்று உரிமைகள் மீறப்பட்டிருக்கின்றன என்றது நீதிமன்றம்: தனிப்பட்ட வாழ்க்கைக்கும் வீட்டுக்குமான மதிப்பு, சொத்துரிமை, முறையான நிவாரணம் பெறும் உரிமை.

அந்தத் தீர்ப்பில் நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, வக்கீல் - கட்சிக்காரர் ரகசியத்துக்குள் வரும் ஆவணங்களை எடுக்கக்கூடாது என்ற தடையோ, எது ரகசியம் எது இல்லை என்று பிரித்துச் சொல்லக்கூடிய ஒரு சுதந்திரமான பார்வையாளரோ அந்தச் சோதனையில் இல்லை. இரண்டாவது, கம்ப்யூட்டரை ‘சாட்சியப் பொருள்’ என்று சொல்லி ஆறு ஆண்டுகளுக்கும் மேலாக அதிகாரிகள் வைத்திருந்தார்கள். அந்தப் பெட்டியால் குற்றம் நடக்கவில்லை, குற்றத்தில் கிடைத்த பொருளும் அது இல்லை. மதிப்பு அதற்குள் இருந்த தகவலுக்குத்தான், அதைத்தான் ஏற்கெனவே எடுத்து வழக்குக் கோப்பில் சேர்த்துவிட்டார்களே, பிறகு பெட்டி எதற்கு என்று நீதிமன்றம் கேட்டது.

நம் ஊர் காவல் நிலையங்களில் ஆண்டுக்கணக்கில் தூசி படிந்து கிடக்கும் ‘கேஸ் பொருட்களை’ நினைத்துப் பாருங்கள். அந்தக் கேள்வி எவ்வளவு பொருந்துகிறது என்பது புரியும்.

‘வீடு’ என்றால் அலுவலகமும்தான்

இந்த வழக்குக்கு வழி போட்டுக் கொடுத்தது ஜெர்மனியில் நடந்த இன்னொரு வழக்கு. 1986 நவம்பரில் ஃப்ரைபுர்க் நகரில் நீமிட்ஸ் என்ற வழக்கறிஞரின் அலுவலகத்தில் சோதனை நடந்தது. காரணம் என்ன தெரியுமா? ஒரு நீதிபதியை அவமதிக்கும் விதமாக யாரோ ஒருவர் புனைபெயரில் எழுதிய கடிதம். எழுதியவர் யார் என்று கண்டுபிடிக்க வக்கீலின் நான்கு ஃபைல் அலமாரிகளையும் ஆறு கட்சிக்காரர்களின் ஃபைல்களையும் புரட்டினார்கள். எதுவும் கிடைக்கவில்லை.

அலுவலகம் ‘வீடு’ ஆகாது, அதனால் தனியுரிமைப் பாதுகாப்பு அதற்குப் பொருந்தாது என்று ஜெர்மன் அரசு வாதாடியது. 1992 டிசம்பர் 16-ம் தேதி ஸ்ட்ராஸ்பர்க் நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. ஒருவரின் தொழில் வாழ்க்கையும் தனிப்பட்ட வாழ்க்கையும் கத்தியால் வெட்டியதுபோலப் பிரிந்து கிடப்பதில்லை, வக்கீல் விஷயத்தில் அந்தக் கோடு இன்னும் மங்கல் என்பதே அதன் நிலைப்பாடு. வக்கீலின் ரகசியக் காப்பில் கை வைத்தால் அது நீதி நிர்வாகத்தையே பாதிக்கும் என்றும் நீதிமன்றம் சொன்னது.

2008-ல் பல்கேரியா தொடர்பான இன்னொரு வழக்கு. அங்கே ஒரு வக்கீலின் கம்ப்யூட்டரையும் எல்லா ஃபிளாப்பி டிஸ்க்குகளையும் எடுத்துச் சென்றார்கள். சாட்சிகள் இருவர் உடனிருந்தார்களே என்றது அரசு. சட்டம் படிக்காத அந்த இருவரால் எது ரகசிய ஆவணம் என்று எப்படிக் கண்டுபிடிக்க முடியும் என்று நீதிமன்றம் திருப்பிக் கேட்டது. இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் இந்தியச் சட்டத்திலும் அதே இரண்டு சாட்சிகளைச் சந்திக்கப் போகிறோம்.

இந்த ரகசியம் யாருக்குச் சொந்தம்?

பலரும் நினைப்பது, இது வக்கீல்களுக்குக் கொடுக்கப்பட்ட சலுகை என்று. அப்படியில்லை. இது உங்கள் உரிமை. வக்கீல் அதற்குக் காவலாளி மட்டும்தான். அதனால்தான் ‘பரவாயில்லை, சொல்லிக்கொள்ளுங்கள்’ என்று அனுமதி கொடுக்கும் அதிகாரம் கட்சிக்காரரிடம் இருக்கிறது, வக்கீலிடம் இல்லை.

காரணம் எளிது. வக்கீலிடம் சொல்வது நாளைக்கு போலீஸ் மேஜைக்குப் போகும் என்று தெரிந்தால் யாரும் முழு உண்மையைச் சொல்ல மாட்டார்கள். பாதி உண்மையை வைத்துக்கொண்டு நடத்தும் வழக்கில் தோற்பது பெரும்பாலும் வேறு பலம் இல்லாதவர்கள்தான். அரசியலமைப்பின் 22(1) பிரிவு, கைதானவருக்குத் தான் விரும்பும் வக்கீலைக் கலந்தாலோசிக்கும் உரிமையைத் தருகிறது. ஆலோசனை ரகசியமாக இல்லையென்றால் அந்த உரிமை வெறும் காகிதம்.

இந்தியாவில் சட்டம் என்ன சொல்கிறது?

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 132-வது பிரிவு இதைப் பற்றிப் பேசுகிறது. பழைய சாட்சியச் சட்டத்தில் இது 126-வது பிரிவு. கட்சிக்காரர் வெளிப்படையாகச் சம்மதிக்காமல், தொழில் நிமித்தமாகத் தன்னிடம் சொல்லப்பட்டதையோ, பார்த்த ஆவணத்தின் உள்ளடக்கத்தையோ, தான் கொடுத்த ஆலோசனையையோ வக்கீல் வெளியே சொல்லக்கூடாது.

இரண்டு விதிவிலக்குகள் உண்டு. சட்டவிரோதமான காரியத்தைச் செய்வதற்காகவே ஆலோசனை கேட்டிருந்தால் பாதுகாப்பு இல்லை. வக்கீல் வேலையை ஏற்றுக்கொண்ட பிறகு ஒரு குற்றமோ மோசடியோ நடந்திருப்பதை அவர் கவனித்தாலும் பாதுகாப்பு இல்லை.

பிரிவை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். வக்கீல் ‘சொல்லக்கூடாது’ என்கிறது. அதிகாரி ‘எடுக்கக்கூடாது’ என்று எங்கேயும் சொல்லவில்லை. பூட்டு வக்கீலின் வாய்க்குத்தான். அலமாரிக்கு இல்லை.

இதில் ஒரு விசித்திரமான ஒற்றுமை உண்டு. 1961-ம் ஆண்டு வருமான வரிச் சட்டத்திலும் 132 என்ற எண்ணில் ஒரு பிரிவு இருந்தது. அது சோதனை நடத்தவும் பறிமுதல் செய்யவும் அதிகாரம் தந்த பிரிவு! ஒரு 132 ரகசியத்தைக் காக்கச் சொல்கிறது, இன்னொரு 132 கதவைத் திறக்கச் சொன்னது. இரண்டும் ஒரே அலுவலகத்தில் நேருக்கு நேர் சந்தித்தால் எது பெரியது என்று இரண்டு சட்டங்களிலும் எழுதப்படவில்லை.

குற்றவியல் நடைமுறையை வகுக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவையும் பார்ப்போம். ஒரு ஆவணத்தைக் கொண்டுவந்து கொடு என்று நீதிமன்றமோ போலீஸோ உத்தரவிட வழிசெய்வது 94-வது பிரிவு. அதன் மூன்றாவது உட்பிரிவு, இந்த அதிகாரம் எதையெல்லாம் பாதிக்காது என்று ஒரு பட்டியல் போடுகிறது. அரசு ரகசியங்கள் இருக்கின்றன. அதிகாரிகளுக்கு இடையிலான ரகசியத் தொடர்புகள் இருக்கின்றன. வங்கிப் பதிவேடுகள் தொடர்பான சட்டம் இருக்கிறது. தபால் துறையின் கையில் இருக்கும் கடிதமும் போஸ்ட் கார்டும்கூட இருக்கின்றன. வக்கீலின் கேஸ் கட்டு மட்டும் இல்லை. பழைய சட்டத்திலும் இப்படித்தான் இருந்தது, புதிய சட்டம் எழுதும்போதும் அதைச் சேர்க்கவில்லை.

சோதனை நடக்கும்போது என்ன பாதுகாப்பு? 103-வது பிரிவின்படி அந்தப் பகுதியைச் சேர்ந்த, மதிப்புக்குரிய இரண்டு பேர் சாட்சிகளாக இருக்க வேண்டும். 105-வது பிரிவின்படி சோதனையையும் பறிமுதலையும் வீடியோவில் பதிவு செய்ய வேண்டும். இரண்டுமே நல்ல விதிகள்தான். போலீஸ் எதையாவது கொண்டுவந்து வைத்துவிட்டு ‘எடுத்தோம்’ என்று சொல்வதைத் தடுக்க உதவும். ஆனால் பல்கேரியா வழக்கின் கேள்வி இங்கேயும் அப்படியே நிற்கிறது: பக்கத்துக் கடைக்காரரால் எது வக்கீல் ரகசியம் என்று சொல்ல முடியுமா?

அமலாக்கத்துறை விஷயத்தில் இன்னும் ஒரு படி மேலே. பணமோசடி தடுப்புச் சட்டத்தின் 17-வது பிரிவின் கீழ் சோதனை போட நீதிமன்ற வாரண்டே தேவையில்லை. துறையின் மூத்த அதிகாரி எழுத்துப்பூர்வமாகக் காரணம் பதிவு செய்தால் போதும்.

தவறாக எடுத்தாலும் சாட்சியமா?

‘சரி, சட்டவிரோதமா எடுத்தா கோர்ட்ல தூக்கிப் போட்டுடுவாங்கதானே?’ என்று நீங்கள் கேட்கலாம். சினிமாவில் அப்படித்தான் பார்த்திருப்போம். இந்தியாவில் அப்படி இல்லை.

1973-ல் பூரன் மல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: சட்டவிரோதமான சோதனையில் கிடைத்தது என்பதற்காக மட்டுமே ஒரு சாட்சியத்தை ஒதுக்க வேண்டியதில்லை. அது வழக்குக்குத் தொடர்புடையதா என்பதே முக்கியம். அதற்கும் கிட்டத்தட்ட இருபது ஆண்டுகள் முன்பு, 1954-ல் எம்.பி. சர்மா வழக்கில் எட்டு நீதிபதிகள் அமர்வு, சோதனை அதிகாரத்தைக் கட்டுப்படுத்தும் தனியுரிமை என்று ஒன்று நம் அரசியலமைப்பில் இல்லை என்று சொல்லியிருந்தது.

2017 ஆகஸ்ட் 24-ம் தேதி புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தனியுரிமையை அடிப்படை உரிமை என்று அறிவித்தபோது, எம்.பி. சர்மா வழக்கின் அந்தப் பகுதி ரத்தானது. அன்று முதல், அரசு உங்கள் தனியுரிமையில் கை வைக்க வேண்டுமென்றால் அதற்குச் சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், தேவைக்கு மீறாமலும் இருக்க வேண்டும். ஒரு ஃபைலுக்காக முழு ஹார்டு டிஸ்க்கையும் அள்ளிக்கொண்டு போவது இந்த மூன்றாவது நிபந்தனையில் தேறுமா என்பதுதான் இன்றைய கேள்வி. பூரன் மல் தீர்ப்போ இன்னும் அப்படியே இருக்கிறது. ஆக, விதியை மீறி எடுத்தாலும் அதிகாரிக்குப் பெரிய இழப்பு இல்லை.

நடந்தது என்ன?

டெல்லி, 2020 டிசம்பர் 24. அந்த ஆண்டு பிப்ரவரியில் நடந்த வடகிழக்கு டெல்லி கலவர வழக்குகளில் குற்றம்சாட்டப்பட்ட பலருக்காக வாதாடி வந்த வழக்கறிஞர் மெஹ்மூத் பிராச்சாவின் அலுவலகத்தில் டெல்லி போலீஸின் சிறப்புப் பிரிவு சோதனை நடத்தியது. ஜாமீன் மனு ஒன்றில் போலி ஆவணம் பயன்படுத்தப்பட்டது என்பது போலீஸின் குற்றச்சாட்டு, அதை அவர் மறுத்தார். நீதிமன்ற வாரண்டும் இருந்தது. 2021 மார்ச் 9-ம் தேதி மறுபடியும் வந்தார்கள், ஹார்டு டிஸ்க் வேண்டும் என்று. வழக்குக்குத் தேவையான ஆவணத்தை எடுத்துக்கொள்ளுங்கள், மற்றக் கட்சிக்காரர்களின் ரகசியம் இருக்கும் டிஸ்க்கை முழுசாக எப்படித் தர முடியும் என்பது அவர் வாதம். மாஜிஸ்திரேட் நீதிமன்றம் அந்த மாதமே அவர் மனுவைத் தள்ளுபடி செய்தது. பிரிவு 126 இந்தச் சோதனைக்குத் தடை இல்லை என்றது.

ஆமதாபாத், 2023 நவம்பர். வருமான வரித்துறையினர் ஒரு வழக்கறிஞரின் அலுவலகத்தில் சோதனை நடத்தி, அவருடைய கட்சிக்காரர்களின் ஆவணங்களை எடுத்துச் சென்றார்கள். அவர் குஜராத் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். இப்படியே போனால் எந்தத் தொழில் செய்பவருக்கும் பாதுகாப்பு இருக்காது என்ற தொனியில் நீதிபதிகள் அதிகாரிகளைக் கடுமையாகக் கேட்டார்கள்.

2025-ல் பிரச்சினை வேறு வடிவில் வந்தது. குஜராத்தில் தன் கட்சிக்காரருக்கு ஜாமீன் வாங்கிக் கொடுத்த ஒரு வக்கீலுக்கு போலீஸ் சம்மன் அனுப்பியது. உயர் நீதிமன்றம் தலையிட மறுக்க, வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. அதே ஜூன் மாதம், சென்னையைச் சேர்ந்த மூத்த வழக்கறிஞர் அரவிந்த் தாத்தாருக்கும் டெல்லியின் மூத்த வழக்கறிஞர் பிரதாப் வேணுகோபாலுக்கும் அமலாக்கத்துறை சம்மன் அனுப்பியது. காரணம், ஒரு நிறுவனத்தின் பங்கு ஒதுக்கீடு தொடர்பான சட்டக் கருத்து. வழக்கறிஞர் சங்கங்களிடமிருந்து கடும் எதிர்ப்பு வந்ததும் இரண்டு சம்மன்களும் திரும்பப் பெறப்பட்டன. இயக்குநரின் முன் அனுமதி இல்லாமல் இனி வக்கீல்களுக்குச் சம்மன் கூடாது என்று 2025 ஜூன் 20-ம் தேதி அந்தத் துறையே சுற்றறிக்கை விட்டது. உச்ச நீதிமன்றம் இந்த விவகாரத்தைத் தாமாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது.

இதையெல்லாம் அட்டவணையாகப் போட்டு, நாட்டில் ஆண்டுக்கு எத்தனை வக்கீல் அலுவலகங்களில் சோதனை நடக்கிறது என்று காட்டுவதுதான் என்னைப்போல் தரவுகளோடு வேலை செய்பவர்களின் முதல் ஆசை. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் ‘இந்தியாவில் குற்றங்கள்’ அறிக்கையில் அதற்கென்று ஒரு பத்தியே இல்லை. கணக்கில் வராத விஷயம் கொள்கையிலும் வராது. பெரிய பெயர்கள் சிக்கும்போது மட்டும் செய்தியாகும். மாவட்ட நீதிமன்ற வளாகத்துக்கு எதிரே ஒற்றை அறையில், ஒரு குமாஸ்தாவும் ஒரு கம்ப்யூட்டருமாக இருக்கும் வக்கீலுக்கு இது நடந்தால், அது அந்த வளாகத்தைத் தாண்டாது.

உச்ச நீதிமன்றம் கொடுத்தது என்ன?

2025 அக்டோபர் 31-ம் தேதி, அப்போதைய தலைமை நீதிபதி பி.ஆர். கவாய், நீதிபதிகள் கே. வினோத் சந்திரன், என்.வி. அஞ்சாரியா அமர்வு தீர்ப்பளித்தது. சுருக்கமாகச் சொன்னால்:

சம்மன்: வழக்கு விவரம் கேட்டு, அந்த வழக்கை நடத்தும் வக்கீலுக்கே விசாரணை அதிகாரி சம்மன் அனுப்பக்கூடாது. 132-வது பிரிவின் விதிவிலக்கு பொருந்துகிறது என்று நினைத்தால் எந்த உண்மைகளை வைத்து அப்படி நினைக்கிறார் என்று சம்மனிலேயே எழுத வேண்டும். காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரியின் எழுத்துப்பூர்வமான ஒப்புதலும் வேண்டும். வக்கீலோ கட்சிக்காரரோ அதை உயர் நீதிமன்றத்தில் எதிர்க்கலாம்.

காகித ஆவணம்: வக்கீலிடம் இருக்கும் கட்சிக்காரரின் ஆவணத்தை ஒப்படைக்கச் சொல்வது 132-வது பிரிவின் பாதுகாப்புக்குள் வராது. ஆனால் அதை நீதிமன்றத்தில்தான் ஒப்படைக்க வேண்டும். ஆட்சேபம் இருந்தால் வக்கீலையும் கட்சிக்காரரையும் கேட்டுவிட்டு நீதிமன்றமே முடிவு செய்யும்.

டிஜிட்டல் கருவி: கம்ப்யூட்டர், போன் போன்றவற்றைக் கேட்டால் அதுவும் நீதிமன்றத்தின் முன்புதான். கட்சிக்காரருக்கு நோட்டீஸ் போக வேண்டும். ஆட்சேபங்களைக் கேட்ட பிறகு திறக்க அனுமதித்தாலும், வக்கீலும் கட்சிக்காரரும் உடனிருக்கும்போதுதான் திறக்க வேண்டும். அவர்கள் விரும்பும் தொழில்நுட்ப நிபுணரையும் வைத்துக்கொள்ளலாம். மற்றக் கட்சிக்காரர்களின் ரகசியம் கெடாமல் நீதிமன்றம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடைசி வரியைக் கவனித்தீர்களா? இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் பார்த்த ‘சம்பந்தமே இல்லாத நீங்கள்’ முதல் முறையாக ஒரு உத்தரவுக்குள் இடம்பெறுகிறீர்கள்.

அப்புறம் மீதிப் பாதி?

இந்த உத்தரவுகளின் மையம் சம்மனும் ஒப்படைப்பும்தான். ‘கொண்டுவந்து கொடு’ என்று கேட்டால் என்ன செய்வது என்பதற்கு இப்போது தெளிவான பாதை இருக்கிறது. கேட்காமல், காலை ஆறு மணிக்கு வாரண்டோடு கதவைத் தட்டினால்? பணமோசடிச் சட்டத்தின் கீழோ வருமான வரிச் சட்டத்தின் கீழோ வாரண்டே இல்லாமல் துறை உத்தரவோடு வந்தால்? அந்தக் கதவருகே யார் நிற்க வேண்டும், எதை உறையில் போட்டு முத்திரை வைக்க வேண்டும், யார் திறக்க வேண்டும் என்பதற்கு இதே அளவு தெளிவான விதி இல்லை.

கேட்டு வாங்குவதற்குக் கட்டுப்பாடு, கேட்காமல் எடுப்பதற்குக் கட்டுப்பாடு இல்லை என்றால், ஒரு அதிகாரி எந்த வழியைத் தேர்ந்தெடுப்பார்?

சம்மனுக்கு முன் மாஜிஸ்திரேட்டின் அனுமதியோ, வழக்கறிஞர்கள் அடங்கிய குழுவின் பரிசீலனையோ வேண்டும் என்ற கோரிக்கைகளையும் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. பிரிவு 132-ம் நீதிமன்ற மறுஆய்வும் போதும் என்றது. மின்னணுக் கருவிகளைப் பறிமுதல் செய்வது குறித்துப் பத்திரிகையாளர்கள் அமைப்பு தொடுத்த வழக்கிலும், நிரந்தர விதிகள் வரும் வரை மத்திய அமைப்புகள் சிபிஐ-யின் 2020-ம் ஆண்டுக் கையேட்டைப் பின்பற்றும் என்று 2023 டிசம்பரில் மத்திய அரசு உறுதியளித்தது. கையேடு சட்டம் ஆகாது.

போலீஸ் தரப்பிலும் நியாயம் இல்லையா?

இருக்கிறது. கறுப்புக் கோட்டு போட்டிருப்பதால் யாரும் சட்டத்துக்கு மேலானவர் ஆகிவிட மாட்டார். போலிப் பத்திரம் தயாரிக்க உதவுகிற, சாட்சியை மிரட்டுகிற, பணத்தைப் பதுக்கிவைக்க வழி சொல்லிக்கொடுக்கிற வக்கீல்களும் உண்டு. அவர்கள் அலமாரியைத் திறக்கவே முடியாது என்றால், எல்லாக் குற்றவாளியும் தன் ஆதாரங்களை ஒரு வக்கீலிடம் கொடுத்து வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். சட்டத்தில் விதிவிலக்குகள் இருப்பதே அதனால்தான். ஸ்ட்ராஸ்பர்க் நீதிமன்றமும் சோதனையே கூடாது என்று ஒருபோதும் சொல்லவில்லை. எப்படி நடத்த வேண்டும் என்றுதான் சொன்னது.

அதற்கு மற்ற நாடுகளில் வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். பிரான்சில் வக்கீலின் அலுவலகத்தில் சோதனை என்றால் நீதித்துறை அதிகாரியே நேரில் நடத்த வேண்டும், உள்ளூர் வழக்கறிஞர் சங்கத் தலைவரோ அவருடைய பிரதிநிதியோ உடனிருக்க வேண்டும். ‘இது ரகசிய ஆவணம்’ என்று அவர் ஆட்சேபித்தால் அங்கேயே முத்திரை வைத்து உறையில் போட்டுவிடுவார்கள். ஐந்து நாட்களுக்குள் வேறொரு நீதிபதி முடிவு சொல்வார். கனடாவில், வக்கீல் அலுவலகச் சோதனை பற்றிய குற்றவியல் சட்டப் பிரிவையே 2002-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டு, எல்லா ஆவணங்களுக்கும் முதலில் முத்திரை, பிறகுதான் பரிசோதனை என்ற அடிப்படையில் புதிய நெறிமுறைகளை வகுத்தது.

இதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. ஒரு உறை, ஒரு முத்திரை, சங்கத்திலிருந்து ஒரு ஆள், முடிவெடுக்க ஒரு நீதிபதி. விசாரணையும் நிற்காது, அடுத்தவர் ரகசியமும் போகாது.

உங்களுக்கு நடந்தால்?

உங்கள் வக்கீலின் அலுவலகத்தில் சோதனை நடந்ததாகத் தெரிந்தால், முதலில் பறிமுதல் பட்டியலின் நகலைக் கேளுங்கள். தமிழ்நாட்டில் மகஜர் என்போம், வடக்கே பஞ்சநாமா. உங்கள் ஃபைலோ அது இருந்த கருவியோ அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

கருவி போயிருந்தால் அதன் ‘ஹாஷ் மதிப்பு’ பதிவு செய்யப்பட்டதா என்று வக்கீலிடம் கேளுங்கள். டிஸ்க்கில் இருக்கும் தரவின் கைரேகை அது. உள்ளே ஒரு எழுத்து மாறினாலும் மதிப்பு மாறிவிடும். எடுக்கும்போதே அதைக் குறித்து வைக்காவிட்டால், பிற்பாடு யாரும் எதையும் சேர்க்கவில்லை என்று நிரூபிப்பது கஷ்டம்.

ரகசியம் உங்களுடையது என்பதால் நீங்களே நீதிமன்றத்துக்குப் போகலாம். உயர் நீதிமன்றத்தில் அரசியலமைப்பின் 226-வது பிரிவின் கீழ் ரிட் மனு போட வழி உண்டு. பொருளைத் திரும்பப் பெற மாஜிஸ்திரேட்டிடமும் மனு செய்யலாம். மனித உரிமை ஆணையத்துக்குப் போவதென்றால் சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் போக வேண்டும்.

இன்னொன்று. இந்தப் பாதுகாப்பு வழக்கறிஞருக்கு மட்டும்தான். ஆடிட்டரிடமோ, சட்டம் தெரிந்த நண்பரிடமோ சொன்னதற்கு 132-வது பிரிவு பொருந்தாது. நிறுவனங்களில் மாதச் சம்பளத்துக்கு வேலை செய்யும் சட்ட ஆலோசகர்களுக்கும் அது கிடைக்காது என்று அக்டோபர் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. அவர்களுக்கு 134-வது பிரிவின் வரையறுக்கப்பட்ட பாதுகாப்பு மட்டும் உண்டு.

ஸ்மிர்னோவுக்கு ஸ்ட்ராஸ்பர்க் இருந்தது. 2022 செப்டம்பர் 16-ம் தேதியோடு ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையிலிருந்து ரஷ்யா வெளியேறிவிட்டதால், அதற்குப் பிறகு நடக்கும் சோதனைகளுக்கு ரஷ்ய வக்கீல்கள் போய்த் தட்ட அந்தக் கதவு இல்லை. இந்தியாவில் இருப்பவர்களுக்கு அப்படி ஒரு வெளிக்கதவு எப்போதுமே இருந்ததில்லை. நமக்கு இருப்பது நம் நீதிமன்றங்களும் நாடாளுமன்றமும்தான்.

அதனால், 94-வது பிரிவின் அந்தச் சின்னப் பட்டியலில் போஸ்ட் கார்டுக்குப் பக்கத்தில் வக்கீலின் கேஸ் கட்டையும் சேர்ப்பதா, சோதனைக்கு வருபவர் கையில் ஒரு முத்திரை உறையையும் கொடுத்து அனுப்புவதா என்பது வக்கீல்கள் சங்கம் மட்டும் கவலைப்பட வேண்டிய விஷயம் இல்லை. அடுத்த முறை வக்கீலிடம் போய் உட்காரும்போது, எதைச் சொல்வது, எதை மறைப்பது என்று நீங்கள் யோசிக்க வேண்டியிருக்குமா என்பது அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.